ஞாயிற்றுக்கிழமையின் இரண்டாம் பக்கம்

எழுபதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்து நாட்டு ஊர் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமை மாலையை மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்போம். கடைகள் அடைத்துக் கிடக்கின்றன. வீதியில் நடமாட்டம் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம் என்ற நினைவு பிள்ளைகளின் நெஞ்சில் மெல்லக் கனக்கத் தொடங்கிவிட்டது. அந்த வேளையில் எத்தனையோ வீடுகளில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை விரித்து, கூராகச் சீவிய பென்சிலுடன் வானொலிப் பெட்டியின் அருகே காத்திருக்கும். நாட்டில் அந்த வாரம் மிகுதியாக விற்ற பாப் இசைத்தட்டுகளை, கடைசி ஸ்தானத்தில் தொடங்கி முதல் ஸ்தானம் வரையில், பி.பி.சி.யின் ரேடியோ ஒன் நிலையம் ஒவ்வொன்றாக ஒலிபரப்பி வர, அந்தப் பிள்ளை எண்ணையும் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டே போகும். 1978 நவம்பருக்கு முன்பு இருபது பாட்டுகளோடு முடிந்துவிட்ட அந்த நிகழ்ச்சி, அதன் பின்பு நாற்பதாக விரிந்தது. பென்சிலின் உழைப்பும் இரட்டித்தது.

இதுவரையில் இது வெறும் பிரதி எடுக்கும் வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுள் சிலர், நிகழ்ச்சி முடிந்த பிறகு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பி, எதிர்ப் பக்கத்தில் மற்றொரு வரிசையை எழுதலானார்கள். நாடு எந்தத் தட்டை வாங்கியது என்பது முதல் பக்கம். என் மனம் இந்த வாரம் எந்தப் பாட்டில் லயித்தது என்பது இரண்டாம் பக்கம். அச்சேறாமல், ஒருவருக்கும் காட்டப்படாமல், வாரம் தவறாமல் எழுதப்பட்டு, சில பேர் வாழ்வில் பள்ளிப் பருவத்தையும் தாண்டிப் பல ஆண்டுகள் தொடர்ந்த அந்த இரண்டாம் பக்கத்தின் சரித்திரத்தைச் சொல்வதே என் நோக்கம். ஆனால் முதல் பக்கம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லாமல் இரண்டாவதன் பெருமையை விளக்க முடியாது.

இசைத்தட்டு விற்பனையைக் கொண்டு பாட்டுகளை வரிசைப்படுத்தும் வழக்கம் பிரிட்டனில் 1952ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி தோன்றியது. அதற்கு முன்பு அந்நாட்டில் பாட்டின் செல்வாக்கை அளந்ததெல்லாம், வீட்டில் பியானோ வாசிப்போர் வாங்கும் ஸ்வரத்தாள்களின் விற்பனையைக் கொண்டுதான். நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் என்னும் வாரப் பத்திரிகையில் விளம்பரப் பகுதியைக் கவனித்து வந்த பெர்சி டிக்கின்ஸ் என்பவர், ஏறக்குறைய இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, உங்களிடம் இந்த வாரம் எந்தெந்தத் தட்டு நன்றாக விற்றது என்று விசாரித்து, கிடைத்த விடைகளைக் கூட்டிக் கழித்து ஒரு வரிசையைப் பிரசுரித்தார். பன்னிரண்டு ஸ்தானங்கள் என்று தொடங்கிய அந்த முதல் வரிசையிலேயே சில பாட்டுகள் சமமாக நின்றுவிட்டபடியால் பதினைந்து தட்டுகள் இடம்பெற்றன. அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோவின் 'ஹியர் இன் மை ஹார்ட்' முதலிடம் பெற்றது. தேசம் முழுவதன் ரசனைக்கும் சாசனமாகப் பிற்காலத்தார் மதித்த ஒரு பட்டியல், ஒரு தனி மனிதரின் மேஜையில், ஒரு தொலைபேசியையும் காகிதத் துண்டையும் கொண்டு உருவாயிற்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. இரண்டாம் பக்கத்தை எழுதிய சிறுவனுக்கும் டிக்கின்ஸுக்கும் தொழில் ஒன்றுதான். கேட்ட செவிகள் மட்டுமே வேறு.

விரைவிலேயே பிற பத்திரிகைகளும் தத்தமக்கென வரிசைகளை வெளியிடத் தொடங்க, அறுபதுகளில் ஒரே வாரத்தில் ஒரே நாட்டில் நான்கைந்து முதலிடங்கள் இருக்கக்கூடிய நிலை ஏற்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963இன் தொடக்கத்தில் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸிலும் மெலடி மேக்கரிலும் முதலிடத்தை எட்டியது. ரெக்கார்ட் ரீடெயிலர் என்ற வர்த்தகப் பத்திரிகையில் மட்டும் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அந்த நாளில் அதைப் பெரிதாக எண்ணியவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1977இல் டிம் ரைஸ், அவருடைய சகோதரர் ஜோ ரைஸ், பால் கம்பசினி, மைக் ரீட் என்னும் நால்வர் கூடி, பிரிட்டிஷ் வெற்றிப் பாடல்களைப் பற்றிய கின்னஸ் நூலைத் தொகுத்தபோது, 1960க்குப் பிந்திய காலத்துக்கு ரெக்கார்ட் ரீடெயிலர் வரிசையையே ஆதாரமாகக் கொண்டார்கள். அந்நூல் வீட்டுக்கு வீடு பரவியது. அதன் கணக்கே வேதவாக்காயிற்று. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' முதலிடம் பெறாத பாட்டாகச் சரித்திரத்தில் பதிந்தும் போயிற்று. பொதுப் பட்டியல்கள் என்பவை கல்லில் பொறித்தவை என்று நம்புகிறவர்கள் இந்தச் சம்பவத்தைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

பி.பி.சி.யோ, எந்தப் பத்திரிகையின் பக்கமும் சாயாமல், எல்லா வரிசைகளையும் எடுத்து, ஸ்தானத்துக்கு ஏற்ப மதிப்பெண் இட்டு, கூட்டிச் சராசரி கண்டு தனக்கென ஒரு வரிசையை அமைத்து வந்தது. 1968 ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்தக் கணக்கு ஒரு விபரீதத்தில் வந்து முடிந்தது: பீ ஜீஸ், பீச் பாய்ஸ், ஹெர்ப் ஆல்பர்ட் ஆகிய மூவரின் பாட்டுகளும் முதலிடத்தில் சமமாக நின்றன. முடிசூட்டு மண்டபத்தில் ஒரே சிங்காதனத்துக்கு மூன்று அரசர்கள் வந்து நின்றாற்போன்ற இந்தச் சங்கடம், ஒழுங்கான ஒரு கணக்கெடுப்பு வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. 1969 பிப்ரவரி முதல், பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்னும் நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது.

அந்த நிறுவனத்தின் முறை மிகவும் எளியது. நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் முந்நூறு கடைகளில் ஒரு நாட்குறிப்பேடு வைக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டு விற்கும்போதெல்லாம் கல்லாவில் இருப்பவர் அதன் எண்ணைக் கையால் எழுதி வைப்பார். சனிக்கிழமை கடை மூடியதும் ஏடு தபாலில் போகும். கணக்கிட்டு முடித்ததும் செவ்வாய்க்கிழமை மதியம் ரேடியோ ஒன்னில் வரிசை அறிவிக்கப்படும். 1971இன் தொடக்கத்தில் தபால் ஊழியர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏடுகள் வந்து சேராமல் இந்த ஏற்பாடு முழுவதும் தடுமாறிப் போயிற்று. எந்தக் கடைகளில் ஏடு இருக்கிறது என்பதைத் துப்பறிந்து, அங்கே மட்டும் ஆளை அனுப்பித் தட்டுகளை வாங்கிக் குவிக்கும் தந்திரத்தையும் சிலர் கையாண்டார்கள். 1980இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1983 ஜனவரியில் கேலப் நிறுவனம் பொறுப்பேற்று, எண்களைத் தட்டிப் பதியும் மின்னணுக் கருவிகளைக் கடைகளில் வைக்கும் வரையில், பிரிட்டனின் பாட்டு வரிசை பேனாவாலும் பொறுமையாலும்தான் நடந்துவந்தது.

இதனினும் ஆழமான காயம் 1977 ஜூனில் நேர்ந்தது. எலிசபெத் ராணியார் பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தியதை நாடு கொண்டாடிய அந்த வாரத்தில், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் 'காட் சேவ் த குவீன்' என்னும் பாட்டு, பி.பி.சி.யின் தடையையும் மீறி அமோகமாக விற்றது. அதிகாரபூர்வமான வரிசையில் அது இரண்டாம் இடம் என்றும், ராட் ஸ்டூவர்ட்டின் தட்டே முதலிடம் என்றும் அறிவிக்கப்பட்டது. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸின் வரிசையிலோ பிஸ்டல்ஸே முதலிடம். சில கடைகளின் சுவரில் ஒட்டிய பட்டியலில் அந்தப் பாட்டுக்குரிய வரி வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. கணக்கில் எவரேனும் கை வைத்தார்களா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. அதற்கு விடை தேடுவதைவிட, அந்த வெற்று வரியைப் பார்த்த ஒரு பதினாலு வயதுப் பிள்ளையின் மனத்தை எண்ணிப் பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பாட்டை அது விரும்பியிருக்கலாம், வெறுத்தும் இருக்கலாம். எப்படியாயினும், பெரியவர்கள் எழுதாமல் விட்ட வரியை என் ஏட்டில் நானே எழுதிக்கொள்ள முடியும் என்ற உணர்வு அந்தக் கணத்தில் எழுந்திருக்கும் அல்லவா?

அந்த ஆண்டுகளில் எழுதுவதற்குச் சரக்கும் ஏராளமாக இருந்தது. 'சிங்கிள்' என்று வழங்கிய ஏழு அங்குலத் தட்டுகள் 1979இல் மட்டும் பிரிட்டனில் சுமார் 8 கோடியே 90 இலட்சம் விற்றன. பால் மக்கார்ட்னியின் விங்ஸ் குழு பாடிய 'மல் ஆஃப் கின்டைர்' 1977 டிசம்பர் தொடங்கி ஒன்பது வாரம் முதலிடத்தில் வீற்றிருந்து, அந்நாட்டில் இருபது இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் சிங்கிள் என்ற கீர்த்தியைப் பெற்றது. அதையடுத்த மார்ச் மாதத்தில், பத்தொன்பது வயதுப் பெண்ணான கேட் புஷ், எமிலி பிரான்டேயின் நாவல் ஒன்றைத் தழுவித் தானே இயற்றிய 'வதரிங் ஹைட்ஸ்' பாட்டினால், சொந்தப் படைப்பைக் கொண்டு முதலிடம் எய்திய முதல் பெண் பாடகியானார். போனி எம், பிளாண்டி, குளோரியா கேனர், யந்திர கீதம் போல் ஒலித்த ட்யூப்வே ஆர்மி என்று ஒன்றோடொன்று சற்றும் ஒவ்வாத தொனிகளெல்லாம் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரசி நின்றன. தேர்ந்தெடுக்கும் ஆசை, விதவிதமான பண்டங்கள் குவிந்த சந்தையில்தான் பிறக்கும்.

ஆனால் சந்தையில் வாங்கக் காசு வேண்டுமே! பெற்றோர் தரும் சில்லறையில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தட்டுகளே வாங்கக் கூடிய பிள்ளைக்கு, பொது வரிசையில் அந்த ஒன்றிரண்டுக்குமேல் வாக்கு இல்லை; அதுவும் அது வாங்கிய கடையில் நாட்குறிப்பேடு இருந்தால்தான். எஞ்சிய பாட்டுகளையெல்லாம் அது வானொலியில் காத்திருந்து கேட்டது. கேசட் கருவியின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அறிவிப்பாளர் பேசி முடிக்கும் நொடியை எதிர்பார்த்து ஒலிநாடாவில் பிடித்தது. வீட்டில் பதிவு செய்வது இசைத் தொழிலையே அழிக்கிறது என்று இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1981இல் பிரசாரமே நடத்தும் அளவுக்கு இந்த வழக்கம் பரவியிருந்தது. இப்படிக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த நாடாவின் அன்பை எந்தக் கடைக்காரரின் ஏடும் பதியவில்லை. இரண்டாம் பக்கம் ஒன்றே அதைப் பதிந்தது.

அந்தப் பக்கத்தை எழுதும் முறையில் ஒரு கிரமம் இருந்தது. அது பொது வரிசையிலிருந்து கடன் வாங்கிய கிரமம். இத்தனை ஸ்தானங்கள் என்று முதலில் வரையறுக்க வேண்டும். சிலர் பத்தோடு திருப்தியடைவர், சிலர் இருபது, முப்பது, நாற்பது என்று விரிப்பர். இந்த வார ஸ்தானம், சென்ற வார ஸ்தானம், வரிசையில் கழித்த வாரங்கள் என மூன்று எண்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் உண்டு. ஏறியதற்கும் இறங்கியதற்கும் அம்புக்குறிகள்; புதிதாக நுழைந்ததற்குச் சிவப்பு மை; முன்பு வெளியேறித் திரும்பி வந்ததற்கு வேறொரு குறி. ஆண்டு முடிவில் முதலிடத்துக்கு இருபது மதிப்பெண், இரண்டாம் இடத்துக்குப் பத்தொன்பது என்று வாரம் வாரமாகக் கூட்டி, அந்த ஆண்டின் தலைசிறந்த பாட்டைக் காண்பார்கள். எண்ணிப் பார்த்தால், மூன்று அரசர்களை ஒரே நாளில் முடிசூட்டிய பி.பி.சி.யின் பழைய கணிதமும் இதுவேதான்.

இந்த நியதிகளைக் கொண்டு ஒரு வருஷம் எழுதியவனுக்கு ஓர் உண்மை தெரியவரும். பிடித்த பாட்டுகளின் பட்டியலை எவரும் எப்போது வேண்டுமானாலும் எழுதிவிடலாம்; அது சுவரில் மாட்டிய படத்தைப் போல அசையாமல் இருக்கும். வாரந்தோறும் எழுதும் வரிசையோ நாட்குறிப்பைப் போன்றது. உயிருக்குயிராக நேசித்த பாட்டும் ஆறாவது ஏழாவது வாரத்தில் சற்று மங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு, அதை முதலிடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறக்கத் தன் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. முதல் தடவை கேட்டபோது பொருட்படுத்தாத பாட்டு, முப்பதாம் இடத்தில் ஒதுங்கி நுழைந்து, வாரத்துக்கு இரண்டு படியாக ஏறி, ஒருநாள் உச்சியில் வந்து நிற்கிறது. தன் மனம் மாறிய விதத்தையே எண்களாகக் கண்டு எழுதியவன் வியக்கிறான். பழைய அபிமானத்தின் மேல் வைத்த விசுவாசமும் புதிய பாட்டின் மோகமும் ஒன்றோடொன்று போராடும் அந்த அரைமணி நேரத்தில், குழந்தைப் பருவத்துக்கு அரிதாகவே வாய்க்கும் ஒரு சுயபரிசீலனை நடக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எழுதப்படாத நியதி ஒன்றும் உண்டு; என் அபிப்பிராயத்தில் இந்தக் கலைக்கு ஆதாரம் அதுதான். சென்ற வாரத்துப் பக்கத்தைத் திருத்தலாகாது. ஐந்து ஆண்டு கழித்து ஏட்டைப் புரட்டும்போது, இந்தப் பாட்டையா நான் நான்கு வாரம் முதலிடத்தில் வைத்தேன் என்று முகம் சிவக்கலாம். பின்னாளில் அமரத்துவம் பெற்ற பாட்டு ஒன்று தன் ஏட்டில் பதினெட்டாம் இடத்தோடு மறைந்துபோனதைக் கண்டு வெட்கலாம். அப்போதும் அழிப்பானைத் தொடலாகாது. பொது வரிசைகளுள் எது சரித்திரம், எது புறக்கணிக்கத்தக்கது என்பதைக்கூட 1977இல் நால்வர் உட்கார்ந்து பின்னோக்கித் தீர்மானித்தார்கள். அவர்கள் அரிய தொண்டு செய்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருத்தாத ஏட்டுக்கு அப்படி ஒரு தீர்ப்பின் தேவையே எழுவதில்லை. அன்றைக்கு அந்த மனம் இப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

தனி ஏட்டுக்குப் பொது மரியாதை கிடைத்ததும் உண்டு. ரேடியோ ஒன்னில் இரவு நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல், 1976 முதல் ஆண்டு முடிவில் நேயர்களின் வாக்குகளைக் கொண்டு 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்ற வரிசையைத் தந்தார். மறு ஆண்டோ, வாக்குகளை விட்டுவிட்டுத் தம் சொந்த ரசனையைக் கொண்டே அதை அமைத்தார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜோயல் விட்பர்ன், சிறு வயதில் பில்போர்ட் பத்திரிகையைச் சேகரிக்கத் தொடங்கியவர். அதன் வார வரிசைகளில் வந்த ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டையென எழுதி அடுக்கி வைத்து, தம் ஆசைக்காகச் செய்த அந்த வேலையை 1970இல் நூலாக்கினார். பிறகு அமெரிக்க வானொலி நிலையங்களெல்லாம் ஐயம் எழுந்தால் அவருடைய நூலையே புரட்டிப் பார்த்தன.

நம் பக்கத்திலும் இந்த வேட்கை இருந்தது. டிக்கின்ஸ் தொலைபேசியை எடுத்த அதே 1952ஆம் ஆண்டின் இறுதியில்தான், இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. ஆரம்பத்தில் வரிசை எதுவும் சொல்லாமல் ஏழு ஹிந்தித் திரைப்பாடல்களை ஒலிபரப்பி, அவற்றைச் செல்வாக்கின்படி வரிசைப்படுத்துமாறு நேயர்களையே கேட்ட அந்த நிகழ்ச்சி, பின்பு கடைகளின் விற்பனையையும் நேயர் மன்றங்களின் கடிதங்களையும் கொண்டு படிப்படியாகப் பாட்டுகளை ஏற்றும் வரிசையாக வளர்ந்தது. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, இந்தியா நெடுக எத்தனையோ ரசிகர்கள் அந்தப் படிகளை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார்கள். அங்கே ஞாயிறு, இங்கே புதன். பென்சிலும் சிரத்தையும் ஒன்றே.

திரும்பவும் இங்கிலாந்துக்கு வருவோம். 1981இன் தொடக்கத்தில் அல்ட்ராவாக்ஸ் குழுவின் 'வியன்னா' என்னும் கம்பீரமான பாட்டு நான்கு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. முதல் வாரம் அதற்கு மேலே இருந்தது, சில வாரங்களுக்கு முன் சுடப்பட்டு மாண்ட ஜான் லெனனின் 'உமன்'. அதைக் குறை சொல்வார் இல்லை. ஆனால் அடுத்த மூன்று வாரமும் அதை மேலே ஏறவிடாமல் தடுத்தது ஜோ டால்சேயின் 'ஷடப் யூ ஃபேஸ்' என்ற வேடிக்கைப் பாட்டு. இதை மக்கள் மறக்கவேயில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியில், இரண்டாம் இடத்தோடு நின்றுபோன பாட்டுகளுள் தலைசிறந்தது எது என்று பி.பி.சி. நேயர்களிடம் வாக்கெடுத்தபோது, 'வியன்னா'வே வென்று கௌரவ முதலிடம் பெற்றது. பழைய நோட்டுப் புத்தகங்கள் பலவற்றில் 1981 பிப்ரவரி மாதத்துப் பக்கத்திலேயே அந்த நீதி வழங்கப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை அறிவிப்பு 1987 அக்டோபரில் நின்று, ஞாயிறு மாலையே முதல் அறிவிப்பாயிற்று. 2015 ஜூலையில் அந்த ஞாயிறும் போய் வெள்ளிக்கிழமை வந்தது. இவற்றைவிடப் பெரிய மாறுதல் 2014 ஜூலையில் நிகழ்ந்தது: இணையத்தின் வழியாக ஒரு பாட்டை நூறு முறை கேட்டால் ஒரு தட்டு விற்றதற்குச் சமம் என்று பொது வரிசைக்காரர்கள் விதி வகுத்தார்கள். அறுபது ஆண்டுக் காலம் வாங்குவதை மட்டும் எண்ணிவந்தவர்கள், கேட்பதை எண்ணும் நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். எழுபதுகளின் பிள்ளை தன் இரண்டாம் பக்கத்தில் முதல் நாளிலிருந்தே எண்ணியது அதைத்தானே!

அந்த விதியின் பயனாகப் பழைய பாட்டுகள் மீண்டும் எழுந்து நடமாடத் தொடங்கின. 'வதரிங் ஹைட்ஸ்' பாடிய அதே கேட் புஷ், 1985 ஆகஸ்டில் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்' அந்நாளில் மூன்றாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒலித்ததால் புதிய தலைமுறையினர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூன் மாதத்தில், அது பிரிட்டனின் முதலிடத்தை அடைந்தது. செய்தித்தாள்கள் அதைப் பெரிய அதிசயமாக எழுதின. 1985ஆம் ஆண்டின் ஏட்டில் அதைத் தன் முதலிடத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்த யாரேனும் ஒருவர், நரை கலந்த வயதில், அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் அங்கேயே வைத்திருப்பார்.